கேள்வி எங்களிடம் இருக்கிறது
நரம்பியல் நோயோடு வாழ்வோரின் கொள்கைப் பிரகடனம்

பார்க்கின்சன் நோயோடு வாழ்கிறவர்கள், வலிப்பு நோயோடு வாழ்கிறவர்கள், பக்கவாதத்துக்குப் பின் பேச்சையும் நடையையும் மறுபடி கற்றுக்கொள்கிறவர்கள், தசைச் சிதைவோடும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸோடும் பிழைப்பையும் குடும்பத்தையும் நடத்துகிறவர்கள், இவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவிமார், கணவன்மார், மகள்கள், மருமகள்கள், எங்களோடு நிற்க முன்வந்த மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள், செவிலியர்கள் ஆகிய நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்கள் நோக்கம் ஒன்றே. நரம்பியல் நோய் ஏன் வருகிறது, எப்படித் தீரும் என்று ஆராய்கிறீர்கள், ஆராயுங்கள். அது தீராமல் உடம்பிலேயே இருக்கும்போது ஒரு மனிதர் தன் நாளை எப்படி வாழ்ந்து முடிப்பது என்பதையும் அதே அக்கறையோடும் அதே கண்டிப்போடும் ஆராய வேண்டும். எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் மேசையில் எங்களுக்கும் நாற்காலி வேண்டும்.

எந்த நிலையில் இதைச் சொல்கிறோம்

2021-ல் உலக மக்களில் 43 சதவீதத்தினருக்கு, அதாவது 340 கோடிப் பேருக்கு, ஒற்றைத் தலைவலி முதல் பக்கவாதம் வரை ஏதோ ஒரு நரம்பு மண்டலக் கோளாறு இருந்தது என்று லான்செட் நியூராலஜி இதழில் 2024-ல் வெளிவந்த உலகளாவிய கணக்கெடுப்பு சொல்கிறது. பார்க்கின்சன் நோயோடு மட்டும் 2019-ல் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். கால் நூற்றாண்டில் இந்த எண்ணிக்கை இரு மடங்காகிவிட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே நாங்கள் ஓரத்தில் நிற்கும் சிறு கூட்டம் இல்லை.

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய சிறு நூலில் ஆறு நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் சிலரை அவர் வீதியில்தான் சந்தித்தார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. எப்படி நடக்கிறார்கள், எப்படி எழுதுகிறார்கள், எப்படிச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள் என்று குறித்துவைத்ததில்தான் இந்த நோயின் அறிவியல் தொடங்கியது.

அதன் பிறகு ஆய்வுக்கூடம் பெரிய காரியங்களைச் சாதித்தது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு என்ன வேலை என்பதை 1957-ல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் காட்டத் தொடங்கினார். 1960-ல் வியன்னாவின் ஹோர்னிகீவிச், இந்த நோயோடு இறந்தவர்களின் மூளையில் அதே டோபமைன் வற்றிக் கிடப்பதைக் கண்டார். மறு ஆண்டே அவரும் பிர்க்மயரும் லெவோடோபா மருந்தை ஊசியில் ஏற்ற, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1967-ல் அமெரிக்காவில் கொட்சியாஸ் அதை வாய்வழியாகக் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். மூளைக்குள் மின்முனை பொருத்தும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையை 1987-ல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் தொடங்கிவைத்தார். சென்னையும் பின்தங்கியிருக்கவில்லை. நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் பி. ராமமூர்த்தியும், நாட்டின் முதல் பெண் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவரான டி.எஸ். கனகா உள்ளிட்ட அவரது குழுவினரும், நடுக்கத்தைத் தணிக்கும் ஸ்டீரியோடாக்டிக் (மூளைக்குள் துல்லியமாகக் குறிவைக்கும்) அறுவை சிகிச்சைகளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கே செய்துகாட்டினார்கள்.

இந்த அறிவியலுக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள். அது தந்த மாத்திரையின் தயவில்தான் இந்தப் பிரகடனத்தை எழுதும் விரல்கள் அசைகின்றன.

ஆனால் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பிறகு நடப்பதைப் பற்றி அந்த அறிவியலுக்குத் தெரிந்தது கொஞ்சம். பார்க்கின்சனோடு வாழ்ந்தபடியே ஆய்வாளரான ஸ்வீடனின் சாரா ரிகாரே ஒரு கணக்குப் போட்டார். நரம்பியல் மருத்துவரிடம் அவர் கழிப்பது ஆண்டுக்கு 1 மணி நேரம். மிச்சமுள்ள 8,765 மணி நேரமும் நோயை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மூர் புறநோயாளிகள் பிரிவின் வரிசையில் அந்த ஒரு மணி நேரமும் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது.

எங்களில் ஒருவரின் காலையைப் பாருங்கள். வெறும் வயிற்றில் லெவோடோபாவை விழுங்கிவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கும்வரை, எங்கள் பேச்சில் 'ஆன்' ஆகும்வரை, கட்டிலிலேயே காத்திருக்க வேண்டும். அதுவரை புரண்டு படுக்கவும் ஆள் வேண்டும். பிறகு விரல்கள் மெல்ல இளகும், சட்டைப் பொத்தான் போட வரும். மருந்தின் வேகம் அடங்கி மறுபடி 'ஆஃப்' ஆவதற்குள் குளித்து, சாப்பிட்டு, வெளிவேலையை முடித்துவிட வேண்டும். சாப்பாட்டிலும் கணக்கு உண்டு. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் இந்த மருந்தும் குடலைத் தாண்டவும் மூளைக்குள் நுழையவும் ஒரே வாசலில்தான் முண்டியடிக்கின்றன. கூட்டம் மிகுந்தால் மருந்து வெளியே நின்றுவிடும். அப்படியானால் இட்லி சாம்பாருக்கு எவ்வளவு நேரம் முன்னால் மாத்திரை போடுவது? தயிர்ச்சாதத்தை ராத்திரிக்குத் தள்ளிவிடலாமா? விரத நாளில், நோன்பு மாதத்தில் என்ன செய்வது? எங்கள் கைக்கு வரும் கையேடுகளில் பாலாடைக்கட்டியும் மாட்டிறைச்சியும் இருக்கின்றன, எங்கள் தட்டு இல்லை.

வாசலைத் தாண்டினால் வேறு கதை. நிலைப்படியில் வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனம் அடியெடுத்து வைக்கும், பாதம் வராது. ரேஷன் கடை இயந்திரத்தில் நடுங்கும் விரலை வைத்தால் "ரேகை விழல, நாளைக்கு வாங்க" என்பார்கள். எழுத்து வரவரச் சிறுத்துப்போவது இந்த நோயின் குணம். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கியிலிருந்து காசோலை திரும்பி வரும். பேருந்து நிலையத்தில் தள்ளாடினால், காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்ற பேச்சு காதில் விழும். வலிப்பு வந்து விழுந்தவரின் கையில் இன்றும் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். ஒருக்களித்துப் படுக்கவைக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் அபூர்வம்.

இவை ஒவ்வொன்றும் ஆராய்ச்சிக்குரிய கேள்வி. இவற்றைச் சில்லறைத் தொல்லைகள் என்று ஒதுக்கியது போதும்.

எங்கள் கொள்கைகள்

1. கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்கு உரிமை உண்டு.

பார்க்கின்சன் ஆய்வில் முதலில் எதற்கு விடை வேண்டும் என்று பிரிட்டனில் நோயாளிகள், பராமரிப்போர், மருத்துவர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் சேர்த்துவைத்துக் கேட்டார்கள். 2014-ல் வெளிவந்த அந்தப் பத்துக் கேள்விகளின் பட்டியலில் முதலிடம், தடுமாறி விழுவதை எப்படித் தடுப்பது என்பதற்கு. மன உளைச்சல், தூக்கம், விரல்களின் நுண்வேலை, சிறுநீர்த் தொல்லை எல்லாம் அந்தப் பத்துக்குள் வந்தன. மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள் மாறினால் பட்டியலும் மாறும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பட்டியலை உருவாக்குவதே எங்கள் முதல் வேலை.

2. பராமரிப்பவரின் கண்ணும் மூக்கும் அறிவுக் கருவிகளே.

ஸ்காட்லாந்தின் ஜாய் மில்ன், தன் கணவரின் உடல் வாடை மாறியதைப் பார்க்கின்சன் கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே உணர்ந்தவர். பின்னாளில் நோயாளிகள் கூடிய இடத்தில் அதே வாடை வரவே, ஓர் ஆய்வாளரிடம் சொன்னார். எடின்பரோவில் 12 பேர் அணிந்த சட்டைகளை முகரக் கொடுத்துச் சோதித்தார்கள். நோயுள்ள ஆறு பேரையும் சரியாகச் சொன்னார். நோயில்லாத ஒருவருக்கும் நோய் இருப்பதாகச் சாதித்தார். சில மாதங்களில் அந்த நபருக்கும் பார்க்கின்சன் என்று உறுதியானது. தோலின் எண்ணெய்ப் பசையில் நோயின் தடயத்தைத் தேடும் ஆய்வு அந்த ஒரு பெண்மணியின் பேச்சிலிருந்து வளர்ந்து, 2019-ல் அதன் முதல் முடிவுகள் வெளியாயின. தூக்கத்தில் கணவர் கத்துகிறார், உதைக்கிறார் என்று நம்மூர்ப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் இந்த நோயின் முன்னறிகுறியாக இருக்கக்கூடும் என்று மருத்துவம் இன்று ஏற்கிறது. அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும்.

3. மருந்தை ஆராய்வது போலவே அசைவையும் ஆராய வேண்டும்.

நடக்கும்போது கால் உறைந்து விழும் நெதர்லாந்துக்காரர் ஒருவர், தான் தினமும் சைக்கிள் ஓட்டுவதாக மருத்துவர் பாஸ் ப்ளூமிடம் சொன்னார். நம்ப முடியாமல் ஓட்டச் சொல்லிப் பார்த்தால், சீராக மிதித்துப் போய்த் திரும்பி வந்தார். 2010-ல் அந்தக் காட்சி மருத்துவ உலகைப் பேசவைத்தது. வீட்டிலேயே நிலைச் சைக்கிள் மிதிப்பவர்களை ஆறு மாதம் கவனித்த ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. அவர்களின் உடலசைவு மற்றவர்களின் அளவுக்கு மோசமாகவில்லை. தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் உறைந்த கால் அவற்றைத் தாண்டி நடக்கும் என்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். வாசல் கோலத்தின் கோடுகள் அந்த வேலையைச் செய்யுமா? கும்மி, ஒயிலாட்டத்தின் தாளம் நடைக்கு உதவுமா? வயல்வரப்பில் நடக்கும் விவசாயிக்கு எந்தப் பயிற்சி பொருந்தும்? இவற்றுக்கு விடை காண விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஆய்வாளர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் போதும்.

4. எங்கள் மண்ணிலும் ஆராயுங்கள், உலகத்துக்கே பயன்படும்.

லெவோடோபாவைச் சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் பலனிழக்கும் என்ற பயத்தில் எத்தனையோ பேர் மாத்திரையைத் தள்ளிப்போட்டு முடங்கிக் கிடக்கிறார்கள். இந்தப் பயத்துக்குப் பதில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மருந்து கிடைக்காததால் தாமதமாகத் தொடங்கிய கானா நாட்டவர்களை இத்தாலியர்களோடு ஒப்பிட்ட 2014-ம் ஆண்டு ஆய்வு, சிக்கல்கள் நோயின் வயதைச் சார்ந்து வருகின்றன, மாத்திரை போட்ட காலத்தைச் சார்ந்து வரவில்லை என்று காட்டியது. நைஜீரியர்களையும் சேர்த்து ஆராய்ந்தபோதுதான், ஐரோப்பியர்களிடம் அரிதான, இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் ஒரு மரபணு மாற்றம் 2023-ல் வெளிப்பட்டது. யாரைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எது கண்ணில் படும் என்பதும் இருக்கிறது.

பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. நடுக்கத்துக்கு அதை மருந்தாகப் பயன்படுத்தியது இந்திய மரபு. அதை மாத்திரைக்கு எதிராக நிறுத்திச் சோதித்த ஆய்வுகளோ 2004-ல் லண்டனிலும் 2017-ல் பொலிவியாவிலும் வந்தன. இங்கே நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி, டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. எந்தப் பொடியில் எவ்வளவு மருந்துச் சத்து இருக்கிறது, எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதைச் சோதித்துச் சொல்வது சித்த மருத்துவமும் நரம்பியலும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

5. நோயின் காரணம் வயலிலும் தொழிற்கூடத்திலும் தேடப்பட வேண்டும்.

பாராகுவாட், ரோட்டினோன் முதலிய பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளுக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பு பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. பிரான்ஸ் 2012-ல் இதை விவசாயிகளின் தொழில்சார் நோயாகவே அங்கீகரித்தது. டெல்டாவிலும் மேற்கு மாவட்டங்களிலும் ஆயுள் முழுக்க மருந்தடித்தவர்களின் உடல்நிலையை முறையாகப் பின்தொடர வேண்டும் என்கிறோம்.

6. ஆய்வில் பங்கேற்பவருக்குப் பதில் சொல்லும் கடமை ஆய்வாளருக்கு உண்டு.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில், பார்க்கின்சனுக்கான ஒரு மருந்துச் சோதனைக்காக, மூளைக்குள் மருந்து செலுத்த மண்டையோட்டில் குழாய் பொருத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எதிர்பார்த்த அளவுக்குப் பலன் நிரூபணமாகவில்லை என்று 2019-ல் முடிவு வந்தது. தங்களுக்குக் குணம் தெரிந்ததாகச் சொன்னவர்களுக்கும் அதற்கு மேல் மருந்து கிடைக்கவில்லை. சோதனை தோற்பது அறிவியலில் சகஜம். தோற்ற பிறகு பங்கேற்றவரை என்ன செய்வது என்பதை முதல் நாளே பேசி எழுதிவைக்க வேண்டும். ஒப்புதல் படிவம் வாசித்துப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். முடிவு எதுவானாலும் பங்கேற்றவர் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

7. நம்பிக்கையை விற்பவர்களுக்கு எங்களிடம் இடமில்லை.

ஸ்டெம் செல் போட்டால் குணமாகும் என்று லட்சக்கணக்கில் பணம் பறிக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு வழிகாட்டுதல், முறையான சோதனைக்கு வெளியே அதைப் பார்க்கின்சனுக்குச் சிகிச்சையாக வழங்குவதை ஏற்கவில்லை. ஆங்கில மருத்துவமோ நாட்டு மருத்துவமோ, ஆதாரம் கேட்கும் தராசு எங்களிடம் ஒன்றுதான்.

எங்கள் கோரிக்கைகள்

அரசிடம்:

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சனையும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸையும் 21 வகை மாற்றுத்திறன்களுக்குள் சேர்த்திருக்கிறது. ஆனால் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பரிசோதித்தால் ஒருவர் நன்றாக நடப்பார். இரண்டு மணி நேரம் கழித்து நாற்காலியை விட்டு எழ மாட்டார். சான்றிதழுக்கான மதிப்பீடு 'ஆஃப்' நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கிறது, பிசியோதெரபியும் தருகிறது. அந்த மருந்துப் பையில் லெவோடோபாவும் வலிப்பு மாத்திரைகளும் விடுபடாமல் இருக்க வேண்டும். வீடு வீடாகப் போகும் அந்தப் பெண் ஊழியர்களுக்கு விழுதல், விழுங்கல், தூக்கம் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யும் பயிற்சி கொடுத்தால் பெரிய ஆய்வுத் தரவு தானாகத் திரளும். நடுங்கும் கைகளுக்கு ரேஷன் கடையிலும் வங்கியிலும் மாற்று வழி இருப்பதை ஊழியர்களுக்கு ஆணையாகத் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவக் கல்லூரிகளிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும்:

ஆய்வுத் திட்டம் எழுதும் கட்டத்திலேயே எங்களை அழையுங்கள். அச்சாகும் கட்டத்தில் நன்றி சொல்லிப் பயனில்லை. வருகிறவருக்குப் போக்குவரத்துச் செலவும், கூட வருபவரின் ஒரு நாள் கூலியும் கொடுங்கள். நெதர்லாந்தில் 2004-ல் தொடங்கிய பார்க்கின்சன்நெட், இந்த நோய்க்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகளை நாடு முழுக்க இணைத்தது. இடுப்பெலும்பு முறிவுகள் குறைந்ததாகப் பதிவாகியுள்ளது. மாவட்டத்துக்கு ஒரு சிறு குழுவிலிருந்தாவது இங்கே அதைத் தொடங்கலாம்.

எங்கள் கடமைகள்

உரிமை கேட்கிறவர்களுக்குப் பொறுப்பும் உண்டு. மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், 'ஆன்', 'ஆஃப்', விழுந்தது, தூங்கியது ஆகியவற்றை எளிய நோட்டில் எழுதிவருவோம். நாட்டு மருந்து சாப்பிட்டால் மறைக்காமல் சொல்வோம். சில மாத்திரைகளால் சூதாட்ட வெறியோ செலவழிக்கும் வெறியோ வரக்கூடும். அதை ஒழுக்கக்கேடு என்று குடும்பத்துக்குள் மூடாமல் மருத்துவரிடம் பேசுவோம். நேர்மையான சோதனைகளில் பங்கேற்போம். பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இயங்குகிறது. இறந்த பின் மூளையைத் தானமாகத் தருவது பற்றியும் வீட்டில் பேசத் தொடங்குவோம்.

இயக்கத்தின் எல்லாக் குழுக்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் நோயோடு வாழ்கிறவர்களாகவும் பராமரிப்பவர்களாகவும் இருப்பார்கள். எந்த மருந்துக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாலும் கணக்கைப் பகிரங்கமாக வைப்போம். கூட்டங்கள் பெரும்பாலானவர்களின் 'ஆன்' நேரத்தில், படியேறத் தேவையில்லாத இடத்தில் நடக்கும். குரல் தாழ்ந்தவரும் சொல் தடுமாறுகிறவரும் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவோ வாக்கியத்தை முடித்துக்கொடுக்கவோ கூடாது.

முடியும் என்பதற்குச் சாட்சி

1983-ல் அமெரிக்காவின் டென்வரில் எய்ட்ஸ் நோயோடு வாழ்ந்த சிலர் கூடி, தங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று அறிவித்தார்கள். அதன் பின் மருந்துச் சோதனைகள் நடக்கும் முறையே மாறியது. நம் நாட்டில் வலிப்பு நோயைக் காட்டி இந்துத் திருமணத்தைச் செல்லாததாக்க முடிந்த காலம் இருந்தது. 1999-ல் அந்தச் சட்டப் பிரிவிலிருந்து வலிப்பு நீக்கப்பட்டது. 2022-ல் உலக சுகாதாரப் பேரவை நரம்பியல் நோய்களுக்கென 2031 வரையிலான செயல்திட்டத்தை ஏற்றது. இந்தியாவும் அந்தப் பேரவையில் உறுப்பு நாடு. கதவு திறந்திருக்கும் நேரம் இது.

அழைப்பு

நோயோடு வாழ்கிறவரே, அவரைப் பார்த்துக்கொள்கிறவரே, உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. உங்கள் நாளில் உங்களை அதிகம் தடுப்பது எது, எதற்கு விடை தெரிந்தால் நாளை சற்று எளிதாகும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். மாவட்டந்தோறும் திரட்டி, மருத்துவர்களோடு உட்கார்ந்து அலசி, ஏற்கெனவே விடை தெரிந்தவற்றை எளிய தமிழில் திருப்பித் தருவோம். விடை தெரியாதவற்றைப் பட்டியலாக்குவோம்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் நாள். ஆண்டுதோறும் அன்று அந்தப் பட்டியலைப் பொதுவில் வைப்போம். எந்தக் கேள்வியை எந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது, எதை யாரும் தொடவில்லை என்பதும் அதில் பெயர் சொல்லி இருக்கும். தொடப்படாத கேள்விகளைத் தூக்கிக்கொண்டு மறுநாளே அந்த அலுவலகங்களின் வாசலுக்கு வருவோம். மெதுவாகத்தான் நடந்து வருவோம், ஆனால் வந்து சேருவோம்.